கேரவன் பயணத்துக்கு ஓர் அடங்கல்

முப்பத்தொரு வருஷம் மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தினேன். வருஷத்துக்கு ஒரு தடவை கிராண்ட் கேன்யனைக் கரும்பலகையில் வரைய வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் படிப்படியாகப் பாறை அடுக்குகள், அடியில் நீலச் சாக்பீஸில் கொலராடோ ஆறு. பரீட்சையில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பாறையைப் பார்த்ததில்லை. வரைகிற நானும் பெரிதாகப் பார்த்தவன் இல்லை. எங்கள் பக்கத்தில் கல் என்றால் கோயில் கல், அம்மிக்கல், எல்லைக்கல் என்று மூன்றுதான். மற்றதெல்லாம் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்.

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள்.

"அடுத்த மார்ச்ல வாங்கப்பா. நீங்க போர்டுல வரஞ்ச பள்ளத்தையெல்லாம் நேர்ல காட்டுறேன். ஒரு ஆர்வி எடுத்துக்கிட்டு பன்னெண்டு நாள் சுத்தலாம். பாலைவனத்துல அஞ்சு பார்க் இருக்கு."

"ஆர்வின்னா என்னம்மா?"

"வீடு மாதிரி வண்டிப்பா. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "சினிமாக்காரங்க மேக்கப் போட்டுக்குவாங்களே, கேரவன், அதுவா?" என்றாள். மகள் அதேதான் என்றதும், "அடுப்புக்கு எதுத்தாப்புல கக்கூஸா?" என்று முகத்தைச் சுளித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வண்டிக்குக் கேரவன் என்றே பெயர்.

எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் போய் வெள்ளை சார்ட் தாள் நாலு வாங்கிவந்து ஒட்டி, சாப்பாட்டு மேசை முழுக்க விரித்தேன். எந்த ஊரில் வண்டியை எடுப்பது, எந்தப் பூங்காவுக்கு எத்தனை மைல், எங்கே இரவு நிறுத்துவது, எந்தப் பாதை கிழவர்களுக்கு ஆகும், எது ஆகாது என்று மகள் அனுப்பிய தகவலையெல்லாம் வண்ண வண்ணப் பேனாவால் ஏற்றினேன். பள்ளத்துக்குள் இறங்குவது சுலபம், ஏறி வர இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று அவள் எழுதியிருந்ததைச் சிவப்பில் அடிக்கோடிட்டேன். மூன்று வேளையும் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அதில் என் பெரிய கவலை தண்ணீர். கேரவன் தொட்டியில் நூற்றைம்பது லிட்டர்தான் பிடிக்கும். வெயிலில் நடக்கிற ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கவே வேண்டும். நாங்கள் இருவர், மகள், மருமகன் என்று நாலு பேர். யார் எந்தக் கிழமை குளிப்பது, பாத்திரம் கழுவ எவ்வளவு, அடுத்த குழாய் எத்தனை மைலில் என்று தனியாக ஓர் அட்டவணை போட்டேன். "எனக்கு செவ்வாய்க்கிழமை குளியலா? நல்லா இருக்கு," என்றாள் மனைவி.

அடுத்தது நடைப் பயிற்சி. தஞ்சாவூர்ச் சீமையில் ஏறுவதற்கு மேடு தேடுகிறவன் என்ன செய்வான்? ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பார்த்தேன். தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். கடைசியில் சுவாமிமலைக்குப் போனேன். மலை என்று பெயர். கட்டி எழுப்பிய மேடுதான். அறுபது படி. தமிழ் வருஷம் அறுபதின் பெயரும் படிக்கு ஒன்றாக இருக்கிறது. வாரம் ஒருநாள் பஸ் ஏறிப் போய் அந்த அறுபதையும் பத்துத் தடவை ஏறி இறங்குவேன். மகள் அனுப்பியிருந்த மலையேறும் ஷூவைக் கீழே டோக்கன் போட்டு வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏற வேண்டியிருந்தது. நான் பிறந்த ஜய வருஷத்துப் படி இருபத்தெட்டாவது. சொல்லிவைத்த மாதிரி அங்கேதான் முழங்கால் பிடிக்கும். இத்தனை தடவை ஏறியும் ஒருநாள்கூட உள்ளே போய்ச் சாமியைப் பார்க்கவில்லை. படிக்கட்டடியில் பூ விற்கிற அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

விசா வேலையை அதிராம்பட்டினத்தில் பயண ஏஜென்சி வைத்திருந்த ஒரு பாயிடம் கொடுத்தேன். கடற்கரை ஊர்களில் பாதியை வளைகுடாவுக்கு அனுப்பிவைத்த அனுபவசாலி. படிவம் நிரப்பிக்கொடுத்துவிட்டு, "சொத்துப் பேப்பர் ஏதாச்சும் இருந்தா கையில வச்சுக்குங்க சார். திரும்பி வந்துருவீங்கன்னு நம்பணும்ல. கேட்டா காட்டலாம்," என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மற்ற எல்லாம் என் சொந்த மூளை.

என்னிடம் இருந்த சொத்து, இந்த வீடு போக, ஊரிலிருந்து ஆறு மைலில் பத்து மா நஞ்சை. மூன்றேகால் ஏக்கர். அதன் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை வாங்கி மேசையில் பரப்பினேன். அடங்கல் என்பது எந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராமத்தில் எழுதிவைக்கிற கணக்கு. அதில் பட்டாதாரர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் வேறு பெயர் இருந்தது.

அந்தப் பெயரை அங்கே எழுத வைத்தவனே நான்தான்.

என் அப்பா காலத்தில் குத்தகைக்காரர் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாது. கழக ஆட்சி வந்து, குத்தகைதாரரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து, கொடி பிடித்த கூட்டம் வரப்பில் நின்று முழக்கம் போட்ட காலத்தில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஆட்களின் வயலை மாற்றிவிடுவார். ஒரே ஆள் ஒரே வயலில் நிலைத்து நின்றால் சட்டம் அவன் பக்கம் பேசும் என்று பயம். உரம் போட்டுப் பண்படுத்திய வயலை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, இவன் அடுத்த வயலில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்சி மாறும், கரை வேட்டியின் கரை மாறும். அப்பாவின் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. அவர் இறந்து நிலம் என் கைக்கு வந்த வருஷமே, சாகுபடி செய்துகொண்டிருந்தவரைத் தாலுகா ஆபீசுக்கு நானே அழைத்துப்போய்ப் பெயரைப் பதிய வைத்தேன். சொந்தக்காரர்கள் என்னைக் கிறுக்கன் என்றார்கள். ஆசிரியர் அறையில் இதை நான் எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை. அப்பா 'டேய்' என்று கூப்பிட்ட குடும்பத்தை நான் 'வாங்க' என்று கூப்பிட்டேன். அந்தப் பெருமையும் எனக்கு உண்டு.

அப்படி எழுதவைத்த பெயரைத்தான் இப்போது ஓர் அமெரிக்க அதிகாரியின் கண்ணால் பார்த்தேன். நிலம் இவனுடையது, ஆனால் வேறு எவனோ வைத்திருக்கிறான். அப்படியானால் இவனை ஊரில் கட்டிவைக்க என்ன இருக்கிறது? அப்படித்தான் அவர் நினைப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஜூலையில் புதுப் பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு வருஷம், பிறக்கும். அதிலிருந்து 'சொந்த சாகுபடி' என்று மாற்றிக்கொள்ளலாம், போய்வந்து பழையபடி திருப்பிக்கொள்ளலாம். வி.ஏ.ஓ.விடம் கேட்டேன். குத்தகைக்காரர் விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆகும் என்றார்.

சொல்லியனுப்பியதும் குத்தகைக்காரர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார். மேசை முழுக்க விரித்திருந்த சார்ட் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், கல்யாண வேலை மாதிரி இருக்கு?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம் என்று பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அரசாங்கம் கொடுத்த டிவியில் அந்தப் பள்ளத்தை ஒருதரம் பார்த்திருப்பதாகச் சொன்னார். தண்ணீர் அட்டவணையில் அவர் விரல் நின்றது.

"மொறை வச்சிருக்கீங்களா! நம்ம வாய்க்காலுக்கு வைக்கிற மாதிரி."

"ஆமா. பாலைவனம்ல."

"அந்த ஊர்ல ஆறு கெடையாதா சார்?"

"இருக்கு. பெரிய ஆறு. ஒரு மைல் பள்ளத்துல ஓடுது."

"அப்ப பாசனத்துக்கு ஏறாது," என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் எந்தப் பையனும் எனக்குச் சொல்லாத பதில் அது. நான் ரசித்துச் சிரித்தேன். சிரித்த வாயோடே அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவருக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். மேற்படி நிலத்தில் எனக்குச் சாகுபடி உரிமை இல்லை, நான் பயிர் செய்யவில்லை, என் பெயரை நீக்க ஆட்சேபணை இல்லை. மூன்று வரிதான். அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

"விசாவுக்காகத்தான். ஒரு காகிதம், அவ்வளவுதான். நான் போயிட்டு வந்த மறுநாளே உங்க பேர ஏத்திடறேன். என்மேல நம்பிக்கை இருக்குல்ல?"

அப்படிக் கேட்டால் ஒரு மனுஷன் என்ன பதில் சொல்ல முடியும்?

"நீங்க எழுதவச்ச பேருதானே சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். சார்ட்டில் படாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

ஆடி மாதக் கடைசியில் சென்னையில் நேர்காணல். வெயிலில் வரிசை, பிறகு குளிரில் வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் வயதில் ஒரு பெண் அதிகாரி. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். மகளோடு கேன்யன் பார்க்க என்றேன். என்ன வேலை என்றார். ஓய்வு பெற்ற ஆசிரியர், கொஞ்சம் விவசாயம் என்றேன். நான் கோப்பைத் திறந்து, பெயர் மாற்றிய புது அடங்கல் நகலை மேலே எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கணினியில் தட்டிக்கொண்டே, நீங்கள் இங்கே வந்துவிட்டால் உங்கள் நிலத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.

நான் கொஞ்சமும் யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். என் குத்தகைக்காரர் இருக்கிறார், இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் பயிர் செய்கிறார் என்றேன்.

நல்லது, பயணம் இனிதாக அமையட்டும் என்று சொல்லி அவர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார். மொத்தம் இரண்டு நிமிஷம். கோப்பு கையிலேயே இருந்தது. பக்கத்து ஜன்னலில் விசா கிடைத்த என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெளியே வந்து இளநீர் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எதை அழித்துவிட்டு வந்தேனோ அதைச் சொல்லித்தான் விசா வாங்கியிருக்கிறேன். ஏஜென்சி பாயிடம் போனில் சொன்னபோது, "அடங்கல்ல பேர மாத்தணும்னு நான் சொல்லவே இல்லையே சார்," என்று பதறினார்.

அப்போதே திருப்பி எழுதியிருக்கலாம். வி.ஏ.ஓ. ஆபீஸ் ஆறு மைல். நான் போகவில்லை.

நேரமில்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. இந்த வயதில் இனி யாரிடம் மறைக்க? அந்த நகலை எடுத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. பட்டாதாரர் என் பெயர். சாகுபடி செய்பவர் என் பெயர். வேறு பெயர் கலக்காமல் காகிதம் சுத்தமாக இருந்தது. சேற்றில் ஒருநாளும் கால் வைக்காத எனக்கு அதில் என்ன சந்தோஷம்? அப்பாவுக்கு இருந்த அதே சந்தோஷம்தான்.

ஆவணியில் குத்தகைக்காரர் ஒருதரம் கேட்டார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"சார், அந்தப் பேர திருப்பி ஏத்திடலாமா? வெதச்சிட்டா கணக்கெடுக்க வந்துருவாங்க."

"மார்ச்சுல போயிட்டு வந்துடறேனே. நெலம் எங்க ஓடிடப் போவுது?"

"ஓடாது சார்," என்றார். மறுபடி அவர் கேட்கவில்லை.

அந்த வருஷம் மேட்டூர் அணையை ஜூனில் திறக்கவில்லை. குறுவை இல்லை. புரட்டாசியில் திறந்தார்கள், வந்த தண்ணீர் தலைமடையோடு நின்றுபோனது. எங்கள் வாய்க்காலில் முறை வைத்தார்கள், ஆனால் முறை வருகிற நாளில் தண்ணீர் வராது. மழையை நம்பி அவர் சம்பாவை நேரடியாக விதைத்தார். ஐப்பசி ஏமாற்றியது. கார்த்திகையும் ஏமாற்றியது. நானோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பாலைவனத்தில் எந்தப் பெட்ரோல் பங்கில் குடிநீர்க் குழாய் இருக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். மகள் கேரவனுக்கு முன்பணம் கட்டிவிட்டாள். தொட்டி கொஞ்சம் பெரியதாகக் கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

மார்கழியில் ஒருநாள் வயலுக்குப் போனேன். முழங்கால் உயரத்தில் பயிர் வைக்கோலாக நின்றது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. என் கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போது என்ன தோன்றியிருக்க வேண்டும்? நான் போனை எடுத்து வெடிப்பைப் போட்டோ எடுத்தேன். அளவு தெரிவதற்காகப் பேனாவைப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். 'கேன்யன் இங்கேயே ஆரம்பித்துவிட்டது' என்று எழுதி மகளுக்கு அனுப்பினேன். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குக் கூசாமல் நான் எப்படிப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன் என்பது இன்றைக்கும் புரியவில்லை.

பொங்கல் கழிந்து, கருகிய பயிரைக் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். நிவாரணத்துக்குப் பட்டியல் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆபீஸ்ல பட்டியலப் பாத்தேன் சார். எம்பேரு இல்ல. கேட்டேன். ஒரு பேப்பர எடுத்துக் காட்டுனாங்க. நான் வெவசாயி இல்லன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேனாம்."

குரல் உயரவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

"எங்கப்பாவ உங்கப்பா நாலு வயலுக்கு மாத்துனாரு. எந்த வயல்லயும் அவரு நின்னதுக்கு அடையாளம் இல்ல. நான் ஒரே வயல்ல நின்னேன். நின்னேன்னு சொல்ல அந்தப் பேரு ஒண்ணுதான் சார் இருந்துச்சு."

அன்றே வி.ஏ.ஓ.விடம் ஓடினேன். மனுஷர் நல்லவர்தான். "இதுல ஒரு கஷ்டமும் இல்ல சார். முன்னாடி வாங்கிக் குடுத்தது பொய்யான வாக்குமூலம், உண்மையில அவருதான் சாகுபடின்னு நீங்க எழுதிக் குடுங்க. பட்டியல் மேல போறதுக்குள்ள மாத்திடலாம். நாலு நாள் இருக்கு," என்றார்.

நாலு நாள். அந்த நாலு நாளும் நான் என்ன யோசித்தேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். பொய் வாக்குமூலம் என்று என் கையால் எழுதினால் பென்ஷனுக்கு ஏதாவது வருமா? விசாவுக்கு வருமா? அந்த நகல் தூதரகத்தில் இல்லவே இல்லை, என் பீரோவில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். பயணத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. போய்வந்து எழுதிவிடலாம், நிவாரணம் என் பேருக்கு வந்தால் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டால் போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் பட்டியல் போய்விட்டது.

மாசியில் அவர் மறுபடி வந்தார். சலவை வேட்டி கட்டியிருந்தார்.

"திருப்பூருக்குப் போறோம் சார். பனியன் கம்பெனியில வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரிக்கும் துணி பீஸ் அடுக்குற வேல இருக்காம். நெலத்த ஒப்படைச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நான் கேக்கவே இல்லையே. நீங்கதான் செய்யணும். வர்ற வருஷம் தண்ணி வரும்."

"பேப்பர்ல ஒப்படைச்சாச்சே சார். நேர்லயும் சொல்லிட்டுப் போறதுதானே மொறை."

கும்பிட்டார். மேசையில் சார்ட் அப்படியே விரிந்துகிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மனைவி காபிக்குப் பால் வைத்திருந்தாள். அது பொங்குவதற்குள் போய்விட்டார். நிவாரணம் பின்னால் வந்தது, எடுத்து அப்படியே அனுப்பிவைத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார், வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

நான் பயணத்தை ரத்து செய்யப்போவதாக மனைவியிடம் சொன்னேன். ஏதோ பெரிய தியாகம் செய்கிறவன் மாதிரி சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க போகாம இருந்தா அவர் பேரு வந்துடுமா?" என்றாள். "எழுத வேண்டிய நாலு நாள்ல எழுதல. இப்ப போகாம உக்காந்து யாருக்குக் காட்டப் போறீங்க?"

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த தண்ணீரை ஊற்றினாள்.

போனோம். திரும்பி வந்த மறுநாள், சொன்ன வாக்குப்படி, வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. வி.ஏ.ஓ. படித்துப் பார்த்துவிட்டு, "பேர எழுதலாம் சார். ஆனா இப்ப அங்க யார் சாகுபடி பண்றாங்க? ஆள் ஊர்லயே இல்லையே," என்றார். சாகுபடி என்ற இடத்தில் அந்த வருஷம் 'தரிசு' என்று எழுதினார்கள். திருப்பூருக்குப் போன் செய்தேன். "பையன் இங்க வேலைக்குச் சேந்துட்டான் சார், பாப்போம்," என்றார். அந்தப் பார்ப்போம் இன்னும் முடியவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. எந்தப் பூங்காவிலும் வழி தவறவில்லை. தொட்டியில் ஒருநாள்கூடத் தண்ணீர் தீரவில்லை. என் அட்டவணையை மருமகன் பாராட்டினார். கேன்யனின் விளிம்பில் நின்றபோது மகள், "பாடம் எடுங்கப்பா," என்று போனில் படம் பிடிக்கத் தயாராக நின்றாள். நான் கீழே பார்த்தேன். ரொம்ப ஆழத்தில், நூல் கனத்தில், ஆறு தெரிந்தது. பாசனத்துக்கு ஏறாது என்பதைத் தவிர எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது? மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை கேரவன்களை நிறுத்தும் இடத்தில், பக்கத்து வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். சோளம் பயிரிடுகிறவராம்; தலைமுறை தலைமுறையாக அதே நிலமாம். கை காய்த்துப்போய்த் தடித்திருந்தது. உங்கள் அப்பா ஊரில் என்ன செய்கிறார் என்று மகளிடம் கேட்டார். ஊரில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. அவள் பெருமையோடு என் தோளில் கை வைத்து, அப்பா விவசாயி என்று சொன்னாள்.

என் மனைவிக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கிழவர் முகம் மலர்ந்து கையை நீட்டினார். நானும் நீட்டினேன். என்ன பயிர் என்று கேட்டார்.

நெல் என்று சொன்னேன்.